பிள்ளைகள் பேரில் வரும் சோஷியல் செக்யூரிட்டி பணத்தையும் எல்.டி.டி. கம்பெனி கழித்துக்கொள்ளலாமா?

கொன்றை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் குடும்பத்தோடு இருப்பவர்கள் யாராவது இதைக் கடந்து வந்திருப்பீர்கள் என்றுதான் இங்கே கேட்கிறேன். என் கணவருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை, பேச்சில் தடுமாற்றம் இருக்கிறது, பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று நரம்பு டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆபீஸ் மூலமாக நீண்டகால இயலாமைக் காப்பீடு, அதாவது எல்.டி.டி., இருந்ததால் ஓரளவு சமாளித்தோம். சம்பளம் மாதம் 8,000 டாலர், அதில் 60 சதவீதம் என்று 4,800 டாலர் வந்துகொண்டிருந்தது.

அரசாங்கத்தின் சோஷியல் செக்யூரிட்டிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லிக் கம்பெனியே வற்புறுத்தியது, வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். இப்போது எஸ்.எஸ்.டி.ஐ., அதாவது சோஷியல் செக்யூரிட்டியின் இயலாமைத் தொகை, கிடைத்துவிட்டது. அவருக்கு 2,800, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 700. பெரியவளுக்கு 15 வயது, சின்னவனுக்கு 9. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து கடிதம்: இனி மாதம் 600 டாலர்தான் தருவோம், இதுவரை அதிகமாகக் கொடுத்ததை மொத்தமாகத் திருப்பிக் கட்டுங்கள்.

அவருடைய 2,800-ஐக் கழிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகளின் 1,400-ஐ எப்படிக் கழிக்கிறார்கள்? அந்தப் பணம் பிள்ளைகளுடையது, அவர்களுக்காக மட்டுமே செலவு செய்யவேண்டும் என்று சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸிலேயே என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதை ஒரு தனியார் கம்பெனி தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா?

ஓடக்காரன் எழுதியது:

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சீக்கிரம் தேறி வரட்டும். பிசியோவையும் பேச்சுப் பயிற்சியையும் பணப் பிரச்சினைக்காகக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்விக்கு நேரடிப் பதில்: பாலிசியில் எழுதியிருந்தால் முடியும், பெரும்பாலான ஆபீஸ் பாலிசிகளில் எழுதியிருக்கிறது. கேட்கவே கசப்பாகத்தான் இருக்கும்.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் எந்தப் பக்கத்திலிருந்து கழிக்கிறார்கள் என்பது. அரசாங்கம் உங்கள் தனியார் காப்பீட்டைப் பார்த்து எஸ்.எஸ்.டி.ஐ.-யில் ஒரு டாலர்கூடக் குறைக்காது. வேலையில் அடிபட்டதற்கான வொர்க்கர்ஸ் காம்ப் அல்லது சில அரசு இயலாமைத் தொகைகள் வந்தால்தான் குறைப்பார்கள், எல்லாம் சேர்ந்து முந்தைய சராசரி வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அங்கே ஒரு வரம்பு உண்டு. தனியார் எல்.டி.டி.க்கு அது பொருந்தாது. குறைப்பது முழுக்க முழுக்கக் காப்பீட்டுக் கம்பெனிதான். அதற்கு ஆஃப்செட் என்று பெயர். உங்கள் பாலிசியில் 'கழிக்கத்தக்க பிற வருமானம்' என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். எல்லாமே அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

உங்கள் எண்களையே வைத்துப் பார்க்கலாம். பாலிசியில் 'குடும்ப ஆஃப்செட்' இருந்தால்: 4,800-லிருந்து 2,800 போய், 1,400 போய், மிச்சம் 600. வீட்டுக்கு வரும் மொத்தம் அதே 4,800. 'முதன்மை ஆஃப்செட்' மட்டும் இருந்தால், அதாவது உழைத்தவரின் தொகையை மட்டும் கழிப்பது, கம்பெனி 2,000 தரும், பிள்ளைகளின் பணம் தனியாக நிற்கும், மொத்தம் 6,200. மூன்றாவதாக ஒன்று உண்டு, எல்லா வழியிலும் வருவது சேர்ந்து பழைய சம்பளத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைப்பது. அப்படியானால் மொத்தம் 5,600-ல் நிற்கும், கம்பெனி 1,400 தரும். ஒரே சம்பளம், ஒரே வியாதி, ஒரே குடும்பம், ஒரு வாக்கியத்தின் வித்தியாசத்தில் மாதம் 1,400 டாலர்.

கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. ஆனால் கடிதத்தை நம்பாதீர்கள், பாலிசியைப் பாருங்கள். எச்.ஆர். கொடுக்கும் நாலு பக்கக் கையேடு போதாது. முழு பாலிசியும் திட்ட விளக்க ஆவணமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் ஆபீஸ் திட்டங்கள் பெரும்பாலும் 1974-ல் வந்த எரிசா என்ற ஊழியர் சலுகைச் சட்டத்தின் கீழ் வருபவை. எழுத்தில் கேட்டால் 30 நாளில் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் நாளுக்கு 110 டாலர் வரை கோர்ட் அபராதம் போடலாம்.

பனித்துளி எழுதியது:

கொன்றை அக்கா, 700 எப்படி வந்தது என்று யாராவது சொன்னார்களா? பிள்ளைக்குத் தகப்பன் தொகையில் பாதி வரை தரலாம், அப்படியானால் ஆளுக்கு 1,400. ஆனால் குடும்ப உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது. இயலாமை கேஸில் அது பெரும்பாலானவர்களுக்கு உழைத்தவர் தொகையில் 150 சதவீதத்தில் நிற்கும், குறைந்த சம்பளக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. 2,800-க்கு 4,200. அவருடையது போக மிச்சம் 1,400-ஐப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். 16 வயதுக்குக் கீழே பிள்ளை இருப்பதால் நீங்களும் உங்கள் பேரில் கேட்கலாம். ஆனால் அதே 1,400 மூன்று பங்காகும், மொத்தம் கூடாது.

தராசு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படவேண்டாம். பாலிசி கொடுத்த வாக்கு என்ன? சம்பளத்தில் 60 சதவீதம் வீட்டுக்கு வந்து சேரும் என்பது. அது வந்து சேர்கிறது. அரசாங்கம் ஒரு பகுதியைத் தரும் என்று கணக்குப் போட்டுத்தான் பிரீமியம் இவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள், எல்.டி.டி.க்குப் பிடிப்பது சொற்பத் தொகைதான், பல ஆபீஸில் ஒன்றுமே பிடிப்பதில்லை. கழிக்காமல் கொடுப்பதென்றால் பிரீமியம் ஏறும். ஒருவருக்கு வேலை செய்தபோது வந்ததைவிட வீட்டில் இருக்கும்போது அதிகம் வரக்கூடாது என்பதும் இந்தக் காப்பீட்டின் அடிப்படை. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. வருத்தம் வேறு, உரிமை வேறு.

நெடுவழி எழுதியது:

தராசு சொல்வதில் பாதி சரி. நான் ஊழியர் சலுகைகள் பக்கத்தில் வேலை பார்க்கிறேன், இந்த பாலிசிகளை வாங்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். உழைத்தவரின் எஸ்.எஸ்.டி.ஐ.-யைக் கழிப்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஆபீஸ் பிரீமியம் அதை வைத்துத்தான் நிற்கிறது.

குடும்ப ஆஃப்செட் விஷயத்தில் என் மனது ஒப்பவே இல்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஒரே ஆபீஸில் ஒரே சம்பளத்தில் இரண்டு பேர், ஒருவர் தனிக்கட்டை, இன்னொருவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரே பிரீமியம். இரண்டு பேரும் படுத்துவிட்டால் தனி ஆளுக்குக் கம்பெனி 2,000 தருகிறது, பிள்ளை உள்ளவருக்கு 600. பிள்ளை பெற்றதற்காகக் கம்பெனியின் செலவு குறைகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் இந்த இயலாமைத் திட்டத்தை 1956-ல் கொண்டுவந்தது, இயலாதவர்களின் பிள்ளைகளுக்கும் தரலாம் என்று 1958-ல் சேர்த்தது. வீட்டில் சாப்பிடும் வாய்கள் அதிகம் என்பதற்காகக் கொடுத்த பணம் அது. குடும்ப ஆஃப்செட் உள்ள வீட்டில் அந்தப் பணம் வந்து சேர்கிறது, வந்த வழியிலேயே கம்பெனியின் சுமையைக் குறைத்துவிட்டுப் போய்விடுகிறது. பிள்ளைக்கு எதுவும் கூடவில்லை.

பிரீமியம் ஏறும் என்கிறீர்கள். ஏறும்தான். ஆனால் எல்லா ஊழியர்கள் மேலும் பரவி ஏறுவது, ஒரு வீட்டின் தலையில் மாதம் 1,400 விழுவதைவிட நியாயம் என்று நினைக்கிறேன். முதலாளிக்கு இந்தத் தேர்வு உண்மையிலேயே இருக்கிறது, புரோக்கரிடம் இரண்டு விலையும் கேட்டு வாங்கலாம். கேட்பவர்கள் குறைவு, ஏனென்றால் ஊழியர்களில் யாருக்கும் இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடாந்திரச் சலுகைத் தேர்வு) சமயத்தில் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நம் எல்.டி.டி.யில் இருப்பது குடும்ப ஆஃப்செட்டா, முதன்மை ஆஃப்செட்டா? நாலு பேர் கேட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பேசப்படும்.

கொன்றை எழுதியது:

பாலிசி கைக்கு வந்துவிட்டது. ஓடக்காரன் சொன்ன பகுதியைப் படித்தேன். 'உங்கள் இயலாமையின் காரணமாக நீங்கள், உங்கள் துணைவர், உங்கள் பிள்ளைகள் பெறும் அல்லது பெறத் தகுதியுள்ள தொகை' என்றே இருக்கிறது. ஆக, கழிப்பது உண்மைதான். கீழே குறைந்தபட்சத் தொகை என்று 100 டாலர் அல்லது 10 சதவீதம், எது அதிகமோ அது, என்று இருக்கிறது.

நெடுவழி எழுதிய அந்த இரண்டு ஊழியர் கணக்கை அவரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், 'அப்படியானால் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போனதால் நமக்கு என்னதான் லாபம்? முழுக்க அவர்களுக்காகவா அலைந்தோம்?' என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. இனி திருப்பிக் கட்டவேண்டிய தொகை வேறு. எஸ்.எஸ்.டி.ஐ.யின் முந்தைய மாதங்களுக்குச் சேர்த்துப் பின்பணமாக வந்தது வங்கியில்தான் இருக்கிறது, தொடவில்லை.

ஓடக்காரன் எழுதியது:

தொடாமல் வைத்திருப்பது ரொம்ப நல்லது. அதைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், லாப நஷ்டத்தை நெடுவழி சொல்லட்டும்.

கம்பெனியிடம் மாதவாரிக் கணக்குத் தாள் கேளுங்கள். எந்த மாதம் எவ்வளவு கொடுத்தோம், எஸ்.எஸ்.டி.ஐ. எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, அவர்கள் கேட்கும் தொகை எப்படி வந்தது, எல்லாம் வரிசையாக. சரிபார்க்கவேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஒன்று தேதி: எஸ்.எஸ்.டி.ஐ.க்கு முழு ஐந்து மாதக் காத்திருப்பு உண்டு, ஆறாவது மாதத்திலிருந்துதான் பணம், அதற்கு முந்தைய எல்.டி.டி. மாதத்தில் கை வைக்கக்கூடாது. இன்னொன்று வக்கீல் கட்டணம்: பின்பணத்தில் 25 சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு (2024 நவம்பர் கடைசியில் அதை 7,200-லிருந்து 9,200 டாலராக ஏற்றினார்கள்). இது பிள்ளைகளின் பின்பணத்தையும் சேர்த்துத்தான் கணக்காகும். உங்களிடமிருந்து வக்கீல் கட்டணம் பிடித்திருந்தால், கம்பெனி கேட்கும் தொகையில் அதைக் கழித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள், பெரும்பாலான கம்பெனிகள் தருகின்றன, ஆனால் பலநேரம் எஸ்.எஸ்.ஏ. (சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம்) அனுப்பிய கடிதத்தின் நகலை நாம்தான் அனுப்பவேண்டியிருக்கும்.

அடுத்து வரி, இதை யாரும் சொல்லமாட்டார்கள். பிரீமியத்தை ஆபீஸ் கட்டியிருந்தால் எல்.டி.டி. பணத்துக்கு வருமான வரி உண்டு, நீங்கள் வரி கட்டிய சம்பளத்திலிருந்து கட்டியிருந்தால் கிடையாது. வரி உண்டு என்றால், போன வருடம் உங்கள் கைக்கு வந்தது வரி பிடித்த தொகை, கம்பெனி இப்போது திருப்பிக் கேட்பது வரி பிடிக்காத முழுத் தொகை. அந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழாமல் இருக்க வருமான வரிச் சட்டத்தில் 1341-ஆம் பிரிவு இருக்கிறது. போன வருடம் வருமானமாகக் காட்டியதை இந்த வருடம் திருப்பிக் கட்டினால், அது 3,000 டாலரைத் தாண்டியிருந்தால், வரிச் சலுகை கேட்கலாம். எஸ்.எஸ்.டி.ஐ. பின்பணத்தையும் எந்த வருடத்துக்கு உரியதோ அந்த வருடத்துக்குப் பிரித்து வரி கணக்கிடும் வழி இருக்கிறது. பிள்ளைகள் பேரில் வருவது பிள்ளைகளின் வருமானம், உங்கள் படிவத்தில் சேர்க்கவேண்டாம். இந்த ஒரு வருடமாவது இதெல்லாம் தெரிந்த ஆடிட்டரிடம் போங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகளின் பணத்தைக் கம்பெனி 'எடுக்கிறதா' என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தின் 207-ஆம் பிரிவு அந்தப் பணத்தைக் கடன்காரர்கள் கைப்பற்றுவதைத் தடுக்கிறது. அதனால் கம்பெனி பிள்ளையின் கணக்கில் கை வைக்க முடியாது. அவர்கள் செய்வது வேறு: உங்கள் கணவரோடு போட்ட ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியதைக் குறைக்கிறார்கள், அதிகம் கொடுத்ததை அவரிடம் கேட்கிறார்கள். 2016-ல் மோன்டானீல் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட பணம் அடையாளம் தெரியாமல் செலவாகிவிட்டால் எரிசா திட்டம் அந்த ஆளின் மற்ற சொத்தைத் தொட முடியாது என்று சொன்னது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் செலவு செய்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். எல்.டி.டி. இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு அது உதவாது, கம்பெனி கோர்ட்டுக்கே போகாமல் மாதாமாதம் தரவேண்டிய 600-ஐ நிறுத்தி வசூலித்துவிடும். அவர் பேரில் வந்த பின்பணத்திலிருந்து பெரிய பகுதியைக் கட்டிவிட்டு, பிள்ளைகள் பங்குக்கு உரியதை அந்த 600-ல் மாதம் இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கேளுங்கள். பிள்ளைகளின் பின்பணம் அவர்கள் பேரிலேயே தனிக் கணக்கில் இருக்கட்டும். நீங்கள் எஸ்.எஸ்.ஏ.க்குக் கொடுத்த கையெழுத்தும் அப்படியே காப்பாற்றப்படும்.

கணக்கில் தப்பு இருந்தால் மேல்முறையீடு செய்ய 180 நாள். தொகையைக் குறைப்பதும் சட்டப்படி மறுப்புக்குச் சமம்தான், அதனால் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. இருக்கிற எல்லாக் காகிதத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள், பிற்பாடு கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் அந்தக் கோப்பில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

நெடுவழி எழுதியது:

கொன்றை, உங்கள் கணவரின் கேள்விக்கு. இன்றைய தேதியில் மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் லாபம் கம்பெனிக்குத்தான், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அந்த அலைச்சல் உங்களுக்கும் சேர்ந்ததுதான்.

முதலில், விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் 4,800 தொடர்ந்திருக்காது. 'பெறத் தகுதியுள்ள' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? விண்ணப்பிக்காதவர்களுக்கு, எவ்வளவு கிடைத்திருக்கும் என்று தாங்களே மதிப்பிட்டு அதைக் கழித்துவிடுவார்கள்.

மருத்துவக் காப்பீடு பெரிய விஷயம். எஸ்.எஸ்.டி.ஐ. தகுதி தொடங்கி 24 மாதத்தில் அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் வரும், காத்திருந்த ஐந்து மாதத்தையும் சேர்த்தால் 29 மாதம். ஆபீஸ் காப்பீட்டைக் கோப்ராவில், அதாவது வேலை போன பிறகும் சொந்தச் செலவில் தொடர வழிசெய்யும் சட்டத்தின் கீழ், தொடர்ந்தால் வழக்கமாக 18 மாதம்தான். கோப்ரா தொடங்கிய முதல் 60 நாளுக்குள் அவர் இயலாதவராக இருந்தார் என்று எஸ்.எஸ்.ஏ. தீர்மானித்திருந்தால் அதையும் 29 மாதமாக நீட்டலாம், குடும்பம் முழுவதற்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல் கிடையாது. ஆனால் எஸ்.எஸ்.ஏ. தீர்ப்புக் கடிதம் வந்த 60 நாளுக்குள், 18 மாதம் முடியும் முன்பே, கோப்ரா நிர்வாகிக்குத் தெரிவிக்கவேண்டும். நீங்கள் கோப்ராவில் இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள், பதிவுத் தபாலில். அந்தக் கூடுதல் மாதங்களுக்குப் பிரீமியம் 150 சதவீதம் வரை கேட்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது விலைவாசி உயர்வுக்காக எஸ்.எஸ்.டி.ஐ.யில் வருடாவருடம் ஏறும் தொகை. உங்கள் பாலிசியில், முதல் முறை கழித்த பிறகு வருடாந்திர உயர்வைக் கழிக்கமாட்டோம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள், பெரும்பாலான ஆபீஸ் பாலிசிகளில் இருக்கிறது. 2023-ல் மாதிரி 8.7 சதவீதம் ஏறினால் 2,800-ல் அது 243 டாலர், அதை அவர்கள் தொட முடியாது. எல்.டி.டி. தொகை பல பாலிசிகளில் ஏறவே ஏறாது, பத்து வருடம் கழித்து 4,800-க்கு என்ன மதிப்பு இருக்கும்? அரசாங்கப் பகுதி மட்டும்தான் விலைவாசியோடு நடக்கும்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். எல்.டி.டி. நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். பல பாலிசிகளில் முதல் 24 மாதம் 'தன் வேலையைச் செய்ய முடியாது' என்றால் போதும். அதற்குப் பிறகு 'எந்த வேலையும் செய்ய முடியாது' என்ற அளவுகோலுக்கு மாறும். நிறைய வீடுகளில் பணம் நிற்பது அந்த இடத்தில்தான். அப்போது எஸ்.எஸ்.ஏ. தீர்ப்பு கையில் இருப்பது பலம். கம்பெனியை அது கட்டுப்படுத்தாது, ஆனால் 2008-ல் மெட்லைஃப் எதிர் கிளென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. எந்த வேலையும் செய்ய முடியாது என்று அரசாங்கத்திடம் வாதாடும்படி கிளென் என்ற அந்த அம்மாவைத் தூண்டிய கம்பெனி, கிடைத்த பணத்தின் பலனையும் அனுபவித்துவிட்டு, பிறகு வேலை செய்ய முடியும் என்று சொல்லி எல்.டி.டி.யை நிறுத்தியது. உரிமைகோரலைத் தீர்மானிப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராகவே இருப்பது நலன் முரண், அதைக் கோர்ட் எடைபோடவேண்டும் என்று தீர்ப்பில் சொன்னார்கள், இந்த முன்னுக்குப்பின் முரணான நடத்தையையும் கணக்கில் எடுத்தார்கள். எல்.டி.டி. நின்றாலும் 4,200 நிற்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இந்த வருடங்கள் அவருடைய ஓய்வூதியக் கணக்கைக் கீழே இழுக்காமலும் எஸ்.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளும்.

மலைத்தேன் எழுதியது:

எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் வேறு, ஆனால் இதே முடிச்சு. மூத்த மகனுக்கு ஆட்டிசம், வயது 24. அவன் பேரில் எஸ்.எஸ்.ஐ., அதாவது வருமானம் குறைந்த இயலாதவர்களுக்கான அரசு உதவி, வந்துகொண்டிருந்தது, 2025-ல் முழுத் தொகை மாதம் 967 டாலர், கூடவே மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவி. அவன் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி எஸ்.எஸ்.டி.ஐ. வந்ததும், 22 வயதுக்கு முன்பே இயலாமை தொடங்கியவன் என்பதால் அப்பாவின் கணக்கிலிருந்து மகனுக்கும் பங்கு வந்தது. அது வந்ததும் எஸ்.எஸ்.ஐ. நின்றுபோனது, ஏனென்றால் அந்தத் திட்டம் வருமானம் பார்த்துக் கொடுப்பது, முதல் 20 டாலர் போக மிச்சம் வருவதை அப்படியே குறைத்துவிடுவார்கள். சரி, அதைவிட இது கொஞ்சம் அதிகம் என்று நினைத்தோம். பார்த்தால் அந்தப் பங்கையும் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் போட்டு எல்.டி.டி.யில் கழித்துவிட்டார்கள். மகனுக்கு வந்துகொண்டிருந்த எஸ்.எஸ்.ஐ. போச்சு, அப்பாவுக்கு எல்.டி.டி. குறைந்தது, மொத்தத்தில் முன்பைவிடக் குறைவாக வருகிறது. அப்பா உடம்பு சரியில்லாமல் போனதற்கு ஏற்கெனவே இயலாத ஒரு பையன் விலை கொடுக்கிறான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மெடிகெய்டும் போகும் என்று உள்ளூர் ஆபீஸில் சொன்னார்கள். அது தவறு. 1987-லிருந்து, இப்படி அப்பா அம்மா கணக்கிலிருந்து வரும் பணத்தால் எஸ்.எஸ்.ஐ.யை இழந்தவர்களுக்கு, மற்றத் தகுதிகள் இருந்தால், மெடிகெய்ட் தொடரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுதிக் கேட்டு வாங்கினோம். இந்த நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து 'முடியாது' என்று கவுன்டரில் சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள்.

தராசு எழுதியது:

மலைத்தேன், உங்கள் பாலிசியில் பிள்ளை என்பதற்கு வயது வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் 18 வயதுக்குக் கீழ், அல்லது வரிப் படிவத்தில் சார்ந்தவர் என்று விளக்கம் இருக்கும். அந்த விளக்கத்துக்குள் அவர் வரவில்லை என்றால் கழிப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யலாம். ஒப்பந்தத்தில் பொருள் தெளிவில்லாத இடத்தில், எழுதியவருக்கு எதிராகப் படிக்கவேண்டும் என்று வாதாட இடமுண்டு.

நான் முதலில் எழுதியது பொதுவான குடும்பங்களை மனதில் வைத்து. நீங்கள் சொன்ன நிலைமையில் 60 சதவீத வாக்கு என்ற என் வாதம் நிற்காது, ஏனென்றால் எஸ்.எஸ்.ஐ. அப்பாவின் சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாத பணம்.

புதுவரவு எழுதியது:

நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், வயது 35, இரண்டு சின்னப் பிள்ளைகள். க்ரீன் கார்டு இல்லை. எங்களுக்கெல்லாம் எஸ்.எஸ்.டி.ஐ. கிடைக்குமா? கிடைக்காது என்றால் எல்.டி.டி. கம்பெனி கற்பனையாகக் கழிக்குமா? சொந்தமாக ஒரு பாலிசி எடுப்பது புத்திசாலித்தனமா?

ஓடக்காரன் எழுதியது:

புதுவரவு, சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கிறார்கள், வேலை செய்ய அனுமதியுள்ள எண் இருக்கிறது, சட்டப்படி இங்கே இருக்கிறீர்கள் என்றால் க்ரீன் கார்டு இல்லாததே தடையாகாது. பார்க்கவேண்டியது கிரெடிட், அதாவது வரி பிடித்த சம்பளத்துக்குச் சேரும் புள்ளி. உங்கள் வயதுக்கு 20 கிரெடிட், அதுவும் கடைசிப் பத்து வருடத்துக்குள், அதாவது ஐந்து வருட வேலை. 2025-ல் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட், வருடத்துக்கு நாலுக்கு மேல் கிடையாது. எஃப்1 மாணவர் விசாவில் படித்தபோதும் படிப்பை ஒட்டிய ஓ.பி.டி. வேலை அனுமதியிலும் வழக்கமாக இந்த வரி பிடிப்பதில்லை, அதனால் அந்த வருடங்களை எண்ணிக்கொள்ளாதீர்கள். இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் கிடையாது, அங்கே பி.எஃப். கட்டிய வருடங்கள் இங்கே செல்லாது. எஸ்.எஸ்.ஏ. தளத்தில் கணக்குத் திறந்தால் உங்கள் கிரெடிட்டும், இன்றைக்கு இயலாமல் போனால் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடும் இருக்கும். அதை இந்த வாரமே பாருங்கள்.

ஒருவேளை இயலாமல் போனால், கிரெடிட் பற்றாமல் இருந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள். வேலை வருடம் பற்றாது என்று வரும் மறுப்புக் கடிதத்தை எல்.டி.டி. கம்பெனிக்கு அனுப்பினால், கற்பனைத் தொகையைக் கழிக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.

சொந்தமாக வாங்கும் தனிநபர் பாலிசியில் பொதுவாக இந்த ஆஃப்செட் கிடையாது, ஒப்புக்கொண்ட தொகை அப்படியே வரும். விலை அதிகம். விலையைக் குறைக்கச் சில ஏஜென்ட்கள் சமூகக் காப்பீட்டு ரைடர் (கூடுதல் ஷரத்து) என்று ஒன்றைச் சேர்ப்பார்கள், அது இருந்தால் எஸ்.எஸ்.டி.ஐ. வரும்போது அந்தப் பகுதி குறையும். கையெழுத்துப் போடுமுன் அதைத் தனியாகக் கேளுங்கள். வரி கட்டிய பணத்தில் நீங்களே பிரீமியம் கட்டுவதால் வருவதற்கு வருமான வரி இருக்காது என்பது கூடுதல் நன்மை.

கொன்றை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோப்ரா நிர்வாகிக்கு இன்றே அனுப்பிவிட்டேன், அந்த 60 நாளுக்குள்தான் இருக்கிறேன். வக்கீல் கட்டணத்தைக் கம்பெனி கணக்கில் கழிக்கவில்லை என்பதும் தெரிந்தது, எஸ்.எஸ்.ஏ. கடிதத்தை இணைத்து எழுதியிருக்கிறேன். ஆபீஸில் அவருடைய பழைய மேனேஜரிடமும் இந்தக் குடும்ப ஆஃப்செட் பற்றிச் சொன்னேன், அவருக்கும் மூன்று பிள்ளைகள், அவருக்கே இது தெரியாது.

ஒரு கேள்வி மிச்சம். பெரியவளுக்கு 18 முடியும்போது என்ன ஆகும்?

பனித்துளி எழுதியது:

அக்கா, 18 ஆனாலும் ஹைஸ்கூல் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் 19 வரை நீளும், பள்ளியிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும், எஸ்.எஸ்.ஏ. பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே கடிதம் போடுவார்கள். கல்லூரிக்குக் கிடையாது. அவள் நின்றதும் அவளுடைய 700 சின்னவனுக்குப் போய், அவனுக்கு 1,400 ஆகும். பாதி என்ற வரம்புக்குள் அது சரியாக அடங்குகிறது. அதனால் அந்தச் சமயத்தில் கம்பெனிக் கணக்கு மாறாது. மாறவேண்டியது சின்னவனுக்கும் முடியும்போது. அன்றைக்குக் கழிக்க 1,400 இல்லை, எல்.டி.டி. 600-லிருந்து 2,000-க்கு ஏறவேண்டும். அவர்களாக ஏற்றுவார்கள் என்று காத்திருக்கவேண்டாம். பிள்ளையின் பணம் நின்றதற்கான எஸ்.எஸ்.ஏ. கடிதம் வந்த அன்றே நகலெடுத்து, எந்த மாதத்திலிருந்து என்று குறிப்பிட்டுக் கம்பெனிக்கு அனுப்புங்கள், விட்டுப்போன மாதங்கள் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.